கடம்பத்தூரில் ஒரு மனை: பத்து வருஷம் காத்திருந்தால் என்ன மிஞ்சும்?

வார இறுதி நெருங்கினால் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். "ஸ்டேஷனிலிருந்து 5 நிமிடம், ரெரா அப்ரூவ்டு, இலவச சைட் விசிட், மதிய சாப்பாடு உண்டு." சென்னைக்குள் ஒரு பெட்ரூம் ஃபிளாட்டுக்கே வாழ்நாள் கடன் வாங்க வேண்டிய நிலையில், பத்துப் பதினைந்து லட்சத்தில் சொந்தமாக ஒரு மனை என்றால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் ஆனவர்கள், பி.எஃப். பணத்தையும் அம்மாவின் நகைக்கடனையும் சேர்த்து டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பது இப்படித்தான் நடக்கிறது.

அந்த வேன் போய் நிற்கும் ஊர்களில் ஒன்று கடம்பத்தூர். திருவள்ளூரைத் தாண்டி, ஏகாட்டூருக்கு அடுத்த ஸ்டேஷன். சென்னை சென்ட்ரலில் இருந்து சுமார் 50 கி.மீ. அரக்கோணம் லோக்கலில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்தத் தடத்தில்தான். ரயில் வந்து 170 வருஷம் ஆகப்போகிறது. கடம்பத்தூர் இன்னும் விலை குறைந்த ஊராகத்தான் இருக்கிறது. "ஸ்டேஷன் பக்கம்" என்பது மட்டுமே விலையை ஏற்றிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

அப்படியென்றால் இப்போது என்ன மாறியது?

மாறியது ரயில் இல்லை, சரக்கு. கடம்பத்தூர் ஒன்றியத்துக்குள் வரும் மப்பேட்டில், 184 ஏக்கரில் பல்முனை சரக்குப் பூங்கா வருகிறது. 2022 மே 26-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். திட்ட மதிப்பு 1,400 கோடி ரூபாய்க்கு மேல். துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்கள் ரயிலிலேயே வந்து சேர, கடம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து மப்பேடுவரை சுமார் பத்து கி.மீ. புது ரயில் பாதையும் திட்டத்தில் இருக்கிறது. புரோக்கர் சொல்வதில் வலுவான பாயின்ட் இதுதான்.

இன்னொன்று, எண்ணூர் துறைமுகத்தையும் மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரியையும் இணைக்கும் சென்னை எல்லைச் சாலை. 130 கி.மீ.க்கு மேல் நீளும் இந்தச் சாலை தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர் தொழிற்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் கார், எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள் எல்லாம் ஒரே கோட்டில் கோக்கப்படும். பரந்தூர் விமான நிலையத்தையும் விளம்பரத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். அது வேறு மாவட்டம், நில எடுப்புக்கு எதிராக 2022 முதல் அந்த ஊர் மக்கள் போராடிவரும் திட்டம். அதை வைத்து இங்கே சதுர அடிக்குக் கூடுதலாகக் கேட்டால், சிரித்துவிட்டு நகரலாம்.

சரக்குப் பூங்கா வந்தால் மனை விலை ஏறுமா? ஏறலாம். ஆனால் கன்டெய்னர் யார்டுக்கு லாரி டிரைவரும் ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டரும் வருவார்கள். அவர்களுக்கு வாடகை வீடு வேண்டும். காலி மனை வேண்டாம். கிடங்கு கட்டுகிற கம்பெனிக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். உங்கள் 1,000 சதுர அடி அவர்களுக்கு எதற்கு? தொழில் வளர்ச்சி மனையைத் தொட, நடுவே வீடு, பள்ளிக்கூடம், கடைத்தெரு, தண்ணீர் எல்லாம் வந்தாக வேண்டும். அதற்கு ஆகிற காலத்தைத்தான் முதலீட்டாளர் வாங்குகிறார்.

"டபுள் ஆயிடும் சார்"

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு பேச்சுக்கு, 1,000 சதுர அடி மனை, சதுர அடி 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சம். தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% (2023 ஜூலைக்கு முன் இது 4%). ஆக 9%, அதாவது 1,08,000 ரூபாய். வக்கீல், பட்டா, கல் நட்டுக் கம்பி கட்டுவது என இன்னொரு 20,000. மொத்தம் 13.28 லட்சம்.

பத்து வருஷத்தில் மனை விலை டபுள் ஆகி 24 லட்சம் ஆனது. புரோக்கர் கமிஷன் 2% போக 23.52 லட்சம் கைக்கு வருகிறது. ஆண்டுக்கு எவ்வளவு வளர்ந்தது? சுமார் 5.9%. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 12.5% வரி கட்டினால் 5.3% பக்கம் வந்து நிற்கும். பேங்க் டெபாசிட்டில் 7% வட்டி வாங்கி, 20% வரி கட்டுபவருக்குக் கையில் நிற்பது 5.6%. "டபுள்" என்ற வார்த்தைக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். விலை மூன்று மடங்கானால்தான், வரிக்கு முன் ஆண்டுக்கு 10 சதவீதத்தைத் தாண்டும். நடுவில் ஒரு பைசா வாடகை வராது.

கடன் வாங்கி வாங்கினால் கணக்கு இன்னும் மோசம். வெறும் மனைக்கடனுக்கு, வீடு கட்டாதவரை வருமான வரிச் சலுகை கிடையாது. இ.எம்.ஐ. வட்டியே மனை வளரும் வேகத்தைத் தாண்டி ஓடும். ஆகவே மனை என்பது கையில் இருக்கும் பணத்தில், பத்து வருஷத்துக்குத் தேவைப்படாத பணத்தில் வாங்க வேண்டிய பொருள். பின்னால் வீடு கட்டிக் குடியேறும் எண்ணம் இருந்தால் அது வேறு கதை. அதை வட்டி விகிதத்தில் அளக்க முடியாது.

ஒரு சின்னச் சலுகை உண்டு. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு.

பத்திரம் பதிவானால் போதாதா?

போதாது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டது. அதன்பின் அரசு, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் கொண்டுவந்தது. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவானதை மறுபடி விற்றால் பதிவு நடக்கும். "ரிஜிஸ்டர் ஆகுது சார், அப்புறம் என்ன?" என்பார் புரோக்கர். பதிவு ஆகும்; வரன்முறை செய்யாவிட்டால் வீடு கட்ட பிளான் அனுமதி கிடைக்காது. நாளைக்கு உங்களிடம் வாங்குபவருக்கு பேங்க் கடனும் தராது.

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்று தலைவர் கையெழுத்து போட்ட பழைய வரைபடத்தைக் காட்டினால் அது மனைப்பிரிவு அனுமதியே அல்ல. வேண்டியது டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி எண். சிஎம்டிஏ எல்லையை 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 ஆக விரிக்க 2022 அக்டோபரில் அரசாணை வந்தது. திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. அதனால் அனுமதி எந்த ஆண்டு, எந்த அலுவலகம் கொடுத்தது என்று கேட்பது அவசியம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புது மனைப்பிரிவு என்றால் தமிழ்நாடு ரெராவிலும் பதிவு இருக்க வேண்டும். அந்த எண்ணை வாங்கி நீங்களே ரெரா இணையதளத்தில் தட்டிப் பாருங்கள், இரண்டு நிமிஷ வேலை.

விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று சார்பதிவாளர் பார்த்துச் சொல்லிவிடுவார் என்றும் நம்ப வேண்டாம். தாய்ப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற தமிழ்நாட்டு விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே செல்லாது என்று சொல்லிவிட்டது. உரிமையை விசாரிப்பது அவர் வேலை இல்லை. அது வாங்குபவரின் வேலை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். குறைந்தது 30 வருஷத்துக்குப் பார்த்து, அதை ஒரு வக்கீல் கையில் தாய்ப் பத்திரங்களோடு கொடுங்கள். புரோக்கர் அறிமுகப்படுத்தும் வக்கீல் வேண்டாம்.

ஏரியும் பஞ்சமியும்

இந்தப் பக்கத்துக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று தண்ணீர். சென்னையில் ஓடும் கூவத்துக்குப் பெயர் தந்த கூவம் கிராமம் கடம்பத்தூர் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கமும் தூரமில்லை. ஏரி, கால்வாய், தாங்கல் என ஊர் முழுக்க நீர்வழி. கோடையில் சைட் விசிட் போனால் எல்லா நிலமும் மேடாகத்தான் தெரியும். நவம்பரில், நல்ல மழை அடித்து இரண்டு நாள் கழித்து, வேனில் அல்லாமல் தனியாகப் போய்ப் பாருங்கள். நிலஅளவை வரைபடத்தில் பக்கத்துச் சர்வே எண் ஏரிப் புறம்போக்கா, வாய்க்காலா என்று பார்த்துவிட்டால் மீதி புரிந்துவிடும்.

இரண்டாவது பஞ்சமி நிலம். திருவள்ளூர் 1997-ல்தான் தனி மாவட்டம். அதற்கு முன் செங்கல்பட்டு. அந்தச் செங்கல்பட்டின் ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கைதான், 1892-ல் தலித் மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கக் காரணமானது. அவர்களைத் தவிர மற்றவர்கள் வாங்கினால் செல்லாது என்பது நிபந்தனை. கைமாறிப்போன நிலங்களை மீட்கும் போராட்டம் இன்றும் ஓயவில்லை. இது சட்டச் சிக்கல் மட்டுமில்லை. யாருடைய நிலத்தில் நாம் கல் நடுகிறோம் என்ற கேள்வியும்கூட. பழைய 'அ' பதிவேட்டில் அந்தச் சர்வே எண் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று வக்கீலைத் தேடச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டால், பட்டாவை உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நாலு மூலைக்கும் கல், சுற்றிலும் கம்பி, ஒரு போர்டு. வருஷத்துக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் வேலை என்றால் ஆறு மாசத்துக்கு ஒருமுறை. விற்கும் நேரத்தில் அவசரம் காட்டினால், வாங்கும்போது தேன் ஒழுகப் பேசிய அதே புரோக்கர் "மார்க்கெட் டல்லு சார்" என்பார். அப்போது வாங்குபவர் கேட்கும் முதல் கேள்வி "அப்ரூவல் நம்பர் என்ன?" என்பதாகவே இருக்கும்.