விழுவதை மெதுவாக்கியவர்

கையிலிருந்து நழுவும் கல் தரையைத் தொட அரை நொடி போதும். அதற்குள் கல் ஒரே வேகத்தில் இறங்குகிறதா, போகப்போக வேகம் கூடுகிறதா? கூடுகிறதென்றால் எந்தக் கணக்கில்? ஊசல் கடிகாரம்கூட வராத 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் கலிலியோ இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார். பைசா கோபுரத்திலிருந்து அவர் குண்டு போட்ட கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அது நடந்ததா என்பதே ஐயம். அதைவிட ஆயிரம் மடங்கு அழகான காரியத்தை அவர் ஒரு மரக்கட்டையில் செய்தார்.

விழுதலை அளக்க முடியவில்லையா, அதை மெதுவாக்கிவிடலாம் என்று முடிவுசெய்தார். சுமார் 12 முழ நீளக் கட்டையில் நேரான பள்ளம் வெட்டி, வழவழப்பான தோல்தாள் ஒட்டி, ஒரு பக்கத்தைச் சற்றே தூக்கி வைத்து, வெண்கலக் குண்டை உருட்டினார். நேரத்துக்குத் தண்ணீர். பெரிய பாத்திரத்தின் அடியில் மெல்லிய குழாய். குண்டு உருளும் நேரம் மட்டும் ஒழுகிய நீரைப் பிடித்துத் தராசில் நிறுத்தார். நீரின் எடைதான் நேரம்! 1638இல் லெய்டன் நகரில் அச்சான நூலில் இதையெல்லாம் அவரே விவரித்திருக்கிறார்.

கிடைத்த விடை: நேரம் இரு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. சாய்வை எப்படி மாற்றினாலும் இதே விகிதம். அப்படியென்றால் செங்குத்தாக விழும்போதும் இதுவே விதி. கல் முதல் நொடியில் 4.9 மீட்டர், அடுத்த நொடியில் 14.7, மூன்றாவதில் 24.5 மீட்டர் இறங்கும். 1, 3, 5 என்ற ஒற்றைப்படை வரிசை அது. வேகமோ ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம் ஏறுகிறது. அதுதான் புவியீர்ப்பு முடுக்கம். ஊசலைக் கொண்டு அதைத் துல்லியமாகக் கண்டவர் டச்சு அறிஞர் ஹைகன்ஸ். நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83 என இடத்துக்கு இடம் சிறிது மாறும்.

இதில் பொருளின் எடைக்கு இடமே இல்லை. இறகு தயங்கி இறங்குவது காற்றால்தான். காற்றில்லாத நிலவில், 1971இல், விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் வல்லூற்றின் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன.

இதே விதியை வைத்து வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். நண்பர் 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். கீழே பூஜ்ஜியத்தருகே உங்கள் விரல்கள் தொடாமல் காத்திருக்கட்டும். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். விரல் 20 செ.மீ. அருகே பிடித்தால், உங்கள் கை விழித்துக்கொள்ள எடுத்த நேரம் 0.2 நொடி.