பிழை எந்த வரியில்?

நிரல் எழுதப் பழகும் ஒருவர் பைத்தான் மொழியில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்து, மூட மறந்துவிடுகிறார் எனக் கொள்வோம். 2021 அக்டோபருக்கு முன்பு, கணினி பெரும்பாலும் அடுத்த வரியைக் காட்டி, 'தொடரமைப்புப் பிழை' என்று மட்டுமே சொல்லும். குற்றமற்ற அந்த வரியையே திரும்பத் திரும்பத் திருத்திப் பார்ப்பவர், தமக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடக்கூடும். பைத்தான் 3.10 பதிப்பு வந்தபின், மூடப்படாத அடைப்புக்குறி எது என்பதைப் பிழைச்செய்தியே சுட்டிக்காட்டுகிறது. மாறியது கற்பவரின் அறிவன்று. விளக்கம் தரப்படும் முறை.

ஆகவே, உதவி கேட்பதை இயலாமையின் ஒப்புதல் வாக்குமூலமாக நாம் கருத வேண்டியதில்லை. முதலில் பிழைச்செய்தியின் கடைசி வரியைப் படிப்போம். பிழையின் வகை அங்கேதான் இருக்கும். பின்னர் மூன்றைச் சொல்வோம்: எழுதிய நிரல், எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை. "இரண்டு எண்களைக் கேட்டுக் கூட்டும் நிரல் இது, 5, 5 கொடுத்தால் 10 வரவேண்டும், 55 வருகிறது" என்றால் போதும். தட்டச்சு செய்ததைப் பைத்தான் எண்ணாக அல்லாமல் எழுத்துகளாகவே பெற்றுக்கொண்டது என்பது அறிந்தவருக்கு உடனே விளங்கிவிடும்.

விடை சொல்பவருக்கும் கடமை உண்டு. "இதுகூடத் தெரியாதா?" என்ற கேள்வி எந்தப் பிழையையும் திருத்துவதில்லை. வீட்டில் கேட்க எவருமின்றி, முதல் தலைமுறையாகக் கணினியின் முன் அமர்பவருக்கு அது கதவடைப்பு. நாம் விசாரிக்க வேண்டியது வரியை, கேட்டவரை அன்று.