தாளில் இருந்த உரிமையைக் கைக்குக் கொண்டுவந்தவர்கள்
புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து புறப்பட்டவர்களும் அவர்களுக்காக வாதாடியவர்களும்

பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரியும் காரைக்காலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தமிழ்க் கூலித் தொழிலாளரைக் கடல் கடந்து ஏற்றியனுப்பும் துறைமுகங்களாக மாறின. 1848 ஏப்ரல் 27 அன்று பிரான்சு தன் குடியேற்ற நாடுகள் அனைத்திலும் அடிமை முறையை ஒழித்தபோது, ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகள் வேலைக்கு ஆள் தேடினர். புதுச்சேரியின் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள் அத்தேவையை ஒரு வணிகமாகவே எடுத்து நடத்தின. தஞ்சை, தென்னார்க்காடு போன்ற பிரிட்டிஷ் மாவட்டங்களுக்குள் சென்ற மேஸ்திரிகள், பஞ்சத்தாலும் கடனாலும் நிலைகுலைந்த குடும்பங்களுக்கு முன்பணம் காட்டி அழைத்து வந்தனர். 1853 மே மாதத்தில் மார்த்தினிக்கிலும் 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் தொகுதித் தொழிலாளரை இறக்கியது ‘ஒரேலி’ என்னும் கப்பல். 1880களின் இறுதி வரை தொடர்ந்த இந்தப் போக்கில் குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 இந்தியர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் ஊர் திரும்பியவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவர்கள் உரிமை ஏதும் இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள் அல்லர் என்பதே இவ்வரலாற்றில் முதலில் கவனிக்க வேண்டியது. தொழிலாளருள் பெரும்பாலோர் பிரிட்டிஷ் குடிகளாக இருந்ததால், 1861 ஜூலை 1 அன்று பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு, வாரத்திற்கு ஆறு நாள் வேலை, நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பும் பயணச் செலவை ஏற்க வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. தொழிலாளர் விருப்பத்தோடுதான் செல்கின்றனரா என்று விசாரித்தறிய, பிரெஞ்சுத் துறைமுகங்களில் பிரிட்டிஷ் முகவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். மார்த்தினிக், குவாதலூப் அடங்கிய அந்தில் தீவுகளில் ஆணுக்கு மாதம் 12.50 பிராங்கும் பெண்ணுக்கு 10 பிராங்கும் சிறுவருக்கு 5 பிராங்கும் கூலியாகக் குறிக்கப்பட்டன.

தோட்டத்தில் நடந்தது வேறு. நோயாலோ களைப்பாலோ வேலைக்கு வராத நாள்களுக்குக் கூலி பிடிக்கப்பட்டதோடு, அந்நாள்கள் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்பட்டுக்கொண்டே போனதால், ஐந்தாண்டு என்று எழுதியது பலருக்கு ஏழாகவும் எட்டாகவும் நீண்டது. முறையிட விரும்பியவர் தோட்டத்தை விட்டு அலுவலகம் செல்ல வேண்டும். அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறியவரோ நாடோடி என்று பிடிக்கப்பட்டார். முறையீட்டைப் பதிவு செய்யும் அதிகாரியின் மொழி பிரெஞ்சு. அவரோடு நெருங்கிப் பழகுபவர் தோட்ட முதலாளி. ரெயூனியனின் நிலையை நேரில் ஆராய 1877இல் பிரிட்டிஷ், பிரெஞ்சு அதிகாரிகள் இணைந்த குழு ஒன்று சென்றது. அதன் தொடர்ச்சியாகப் பிரிட்டிஷ் இந்திய அரசு ரெயூனியனுக்கு ஆள் அனுப்புவதை 1882இலும், குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்கு அனுப்புவதை 1888இலும் நிறுத்தியது. புதிதாக யாரும் சிக்கிக்கொள்ளாமல் இம்முடிவு காத்ததேயன்றி, ஏற்கெனவே அங்கே தங்கிவிட்டவர்களுக்கும் அங்கே பிறந்துவிட்ட அவர்களுடைய பிள்ளைகளுக்கும் விடை எதையும் தரவில்லை.

புதுச்சேரியில் எழுந்த வழக்கு

பிரெஞ்சுச் சட்டத்தின் சொற்களைப் பிரெஞ்சு ஆட்சியின் முன்னாலேயே எடுத்து வைத்து உரிமை கேட்கும் வழக்கம், அதே காலத்தில் புதுச்சேரி நகரிலும் உருவாகி வந்தது. 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியரைப் போலக் காலில் பூட்சு அணிந்து நீதிமன்றத்திற்குள் சென்றபோது, உள்ளூர்வாசிகள் காலணியைக் கழற்றிவிட்டே வர வேண்டும் என்று நீதிபதி தடுத்தார். பொன்னுத்தம்பிப் பிள்ளை அதற்கு அடங்காமல், பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை வழக்கைக் கொண்டு சென்று வென்றார். 1881 செப்டம்பர் 21 அன்று வெளியான ஆணை, உள்ளூர் மரபுச் சட்டத்தைத் தாமே துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்பவர்களுக்கு வழி திறந்தபோது, அவ்வாறு துறந்தவர்களின் முன்னணியில் நின்றவரும் அவரே. பிரெஞ்சில் ‘ரெனோன்சான்’ எனப்பட்ட இவர்களுள் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் மிகுதி. சாதி தீர்மானித்த தகுதிக்கு மாற்றாகச் சட்டம் தரும் சமத்துவத்தை அவர்கள் இதில் கண்டனர். இவர்களிலும் இவர்களுடைய பிள்ளைகளிலும் பலர் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த சைகோன் சென்று காவல், வரி வசூல், அலுவலகப் பணிகளில் அமர்ந்தபோது, வாக்குரிமையையும் ஐரோப்பியருக்கு நிகரான ஊதியத்தையும் இதே அடிப்படையிலேயே கோரினர்.

ஆன்றி சிதம்பரம்

குவாதலூப்பில் பிரெஞ்சுச் சட்டத்தைக் கொண்டே உரிமை கேட்கும் பணி ஆன்றி சிதம்பரத்தின் கைக்கு வந்தது. இந்தியத் தொழிலாளர் குடும்பத்தில் 1863இல் கபெஸ்தேர் என்னும் ஊரில் பிறந்த அவர், பிரெஞ்சுக் கல்வி பெற்று, 1897இல் அவ்வூர் நகராட்சி மன்ற உறுப்பினரானார். பிற்காலத்தில், சிறு வழக்குகளைத் தீர்க்கும் அமைதி நீதிபதியாகவும் விளங்கினார். வாக்காளர் பட்டியல் எப்படித் தயாராகிறது, அதில் பெயர் சேர்ப்பதும் நீக்குவதும் யார் கையில் இருக்கின்றன என்பவற்றை உள்ளிருந்தே அறிந்தவர் அவர். 1904இல் பட்டியல் திருத்தப்பட்டபோது, குவாதலூப்பில் பிறந்த இந்தியர் பிள்ளைகளின் பெயர்களையும் சேர்க்க வேண்டும் என்று அவர் முன்னின்று வாதாடினார். தீவின் ஆளுநர் அப்பெயர்களை எதிர்க்கவே, விவகாரம் நீதிமன்றம் ஏறியது.

ஆளுநர் தரப்பின் வாதப்படி, இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் வேற்று அரசின் குடிகள். தீவில் பிறந்ததனால் மட்டும் அவர்களுக்கு வாக்குரிமை வந்துவிடாது. சிதம்பரம் பிடித்துக்கொண்டது 1889 ஜூன் 26 அன்று இயற்றப்பட்ட பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத்தை. வெளிநாட்டுப் பெற்றோருக்குப் பிரெஞ்சு மண்ணில் பிறந்து, வயது வரும் காலத்தில் அங்கேயே வசிப்பவரைப் பிரெஞ்சுக் குடியாக ஏற்ற அச்சட்டம், குவாதலூப், மார்த்தினிக், ரெயூனியன் ஆகியவற்றுக்கும் பொருந்தும் என்று தெளிவாகக் கூறியிருந்தது. தம் மக்களுக்காகப் புதிய சலுகை எதையும் அவர் கேட்கவில்லை. பாரிசில் எழுதப்பட்ட சட்டத்தை அது எழுதப்பட்டபடியே நிறைவேற்றுங்கள் என்றே கேட்டார்.

இப்படித் தொடங்கிய போராட்டம் பத்தொன்பது ஆண்டுகள் நீடித்தது. இறுதியில் 1923 ஏப்ரலில் பிரெஞ்சுத் தலைமை அமைச்சர் ரேமோன் புவங்கரேயின் அரசு, தீவில் பிறந்த இந்தியர் பிள்ளைகளின் குடியுரிமையை ஏற்றுக்கொண்டது. இவ்வளவு நீண்ட போராட்டத்தில் மன்றத்தில் எழுந்து பேசும் நாள்கள் மிகச் சில. எஞ்சிய ஆண்டுகளெல்லாம் பிறப்புப் பதிவுகளைத் தேடுவதிலும், மனு எழுதுவதிலும், விடை வராத மனுவுக்கு அடுத்த மனுவைத் தொடுப்பதிலும், ஒவ்வொரு குடும்பத்தையும் மனம் தளராமல் நிற்க வைப்பதிலும் கழிகின்றன. வழக்கின் ஆவணங்களைச் சிதம்பரமே தொகுத்து நூலாக வெளியிட்டதால், அப்போராட்டம் பின்வந்த தலைமுறைக்கும் தெரியவந்தது. அவர் 1952இல் மறைந்தார். குவாதலூப் இந்தியர் வழியில் வந்த எர்னெஸ்ட் முத்துசாமி 1981 முதல் 2002 வரை பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்ததை, 1904இல் சிதம்பரம் வாக்காளர் பட்டியலுக்காகத் தொடங்கிய வழக்கின் தொலைவிளைவாகவே கொள்ள வேண்டும்.

1962க்குப் பின்

புதுச்சேரி மக்கள் குடியுரிமைக் கேள்வியை மறுபடியும் எதிர்கொண்டது ஆட்சி மாற்றத்தின்போது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. முன்னாள் பிரெஞ்சுப் பகுதிகளில் பிறந்து அங்கேயே வசித்தவர்கள் அந்நாளில் இந்தியக் குடிகளாயினர். பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் அவ்வாறு அறிவித்தனர். எழுத்தறிவற்ற குடும்பங்களுக்கும், செய்தி தாமதமாக எட்டிய சிற்றூர்களுக்கும் ஆறு மாதம் என்பது மிகக் குறுகிய அவகாசம்.

உடன்படிக்கையின் சொற்களைக் கூர்ந்து படித்தவர்களுக்கு வேறொரு வழியும் தெரிந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்லும் வழக்கத்தால், பிரெஞ்சுக் குடியான தந்தைக்குக் கடலூரிலோ விழுப்புரத்திலோ பிறந்து, புதுச்சேரியில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இருந்தனர். ‘இப்பகுதிகளில் பிறந்து இங்கேயே வசிப்பவர்’ என்ற வரையறைக்குள் இவர்கள் வரவில்லை. ஆகவே அறிவிப்பு எதுவும் கொடுக்காமலே இவர்களின் பிரெஞ்சுக் குடியுரிமை தொடர்ந்தது என்ற வாதத்தைப் பிரான்சு ஏற்றது. இதனால் பல குடும்பங்கள் பழைய பதிவேடுகளில் தாத்தாவின் பெயரைத் தேடத் தொடங்கின. ஆனால் ஐம்பது ஆண்டுகளாக வெளிநாட்டிலேயே வாழ்ந்து, பிரெஞ்சுக் குடிகளாக நடத்தப்படாமலும் இருந்த குடும்பத்தினர் வம்சாவளியைக் காட்டி உரிமை கோர முடியாது என்ற பிரெஞ்சுச் சட்டவிதியின் அடிப்படையில், 2012 ஆகஸ்ட் 16க்குப் பின் வந்த கோரிக்கைகள் பெரும் தடையைச் சந்தித்தன. காலத்தில் வழி சொல்ல ஒருவர் அருகில் இருந்தாரா என்பதே பல வீடுகளில் இரண்டு தலைமுறையின் போக்கைத் தீர்மானித்தது.

இன்று பொறுப்பு யாருடையது

ஒரு காலத்தில் ஆள்களை அனுப்பிய புதுச்சேரி, இன்று ஆள்களை வரவழைக்கும் நகரம். கட்டடப் பணிகளிலும் தொழிற்பேட்டைகளிலும் உணவகங்களிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலத் தொழிலாளர் உழைக்கின்றனர். ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும், தொழிலாளரைப் பதிவு செய்ய வேண்டும், இடப்பெயர்வுப் படியும் பயணப் படியும் வழங்க வேண்டும் என்று 1979இல் இயற்றப்பட்ட மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வகுத்தது. 1861 உடன்படிக்கையைப் போலவே இதிலும் நல்ல விதிகள் இருந்தன; பணியிடத்தில் அவற்றைக் கேட்டு வாங்குவதற்குத் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் பேசும் மனிதர்கள் வேண்டும்.

அத்தகையோரின் வேலை கருணை காட்டுவதோடு முடிவதில்லை. கூலி நிலுவையை நாள்வாரியாகக் குறித்து வைப்பது, விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கான மனுவை உரிய காலத்தில் கொடுப்பது, தனியாக அஞ்சி நிற்பவரை நாற்பது பேரோடு சேர்த்து நிறுத்துவது, பிறகு அவர்களுள்ளிருந்தே பேசத் தெரிந்தவரை உருவாக்குவது ஆகியவை அவர்களின் அன்றாடப் பணிகள். பொன்னுத்தம்பிப் பிள்ளையும் ஆன்றி சிதம்பரமும் தாங்களே பாதிக்கப்பட்ட சமூகத்திலிருந்து எழுந்து, ஆட்சியின் சட்டத்தை ஆட்சியாளரைவிட நன்றாகக் கற்றவர்கள். ஒடியாவும் இந்தியும் வங்காளமும் பேசும் தொழிலாளரிடையே அவர்களைப் போன்றவர்கள் எழுவதற்குத் துணை நிற்கும் கடமை, தன் மக்களைக் கடல் கடந்து அனுப்பிய வரலாறுடைய புதுச்சேரிக்கு மற்ற நகரங்களைவிடக் கூடுதலாகவே உண்டு. அக்கடமையைத் தொழிற்சங்கங்களும் வழக்கறிஞர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஏற்றால், சட்டம் தந்த கூலியும் பாதுகாப்பும் தொழிலாளியின் கையை வந்தடைய இன்னொரு பத்தொன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை.