மல்லிகை விலை அடுத்த ஃபைலுக்கு ஏன் போகவில்லை?

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை விடிகாலையில் ஒன்று, வெயில் ஏறினால் இன்னொன்று. அதைக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலையை வாங்கி வரும் கிளாஸ் ஒரு ஃபைலில், திரையில் காட்டும் வேலை இன்னொன்றில். மெத்தடுக்குள் விலை சரியாக இருக்கிறது. அடுத்த ஃபைலில் கேட்டால் 'அன்டிஃபைன்ட்' என்கிறது. இலந்தைக்குளம், வடபழஞ்சி ஐ.டி. பூங்காக்களில் வேலை தேடப்போகும் மாணவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும்.

மெத்தடுக்குள் 'லெட்' போட்டு அறிவித்த வேரியபிள் வெளியே தெரியாது. 'திஸ்.விலை' என்று எழுதினால்தான் அது ஆப்ஜெக்டோடு தங்கும். (வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க ஜாவாஸ்கிரிப்ட் அனுமதிக்கிறது, வைப்பவர்தான் குறைவு.)

அப்படியும் விலை வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் 'நியூ'. காட்டும் ஃபைலில் மறுபடி 'நியூ' போட்டால் பிறப்பது வேறு ஆப்ஜெக்ட். முதல் ஆப்ஜெக்டில் ஏற்றிய விலை அதற்குத் தெரியாது. எனவே கிளாஸ் இருக்கும் ஃபைலிலேயே ஆப்ஜெக்டை ஒருமுறை உருவாக்கி 'எக்ஸ்போர்ட்' செய்யுங்கள். ஒரு பக்கத்தில் ஒரு மாட்யூல் ஒரே தடவைதான் ஓடும் என்பதால், எத்தனை ஃபைல்கள் 'இம்போர்ட்' செய்தாலும் அதே ஆப்ஜெக்ட்தான் கிடைக்கும்.

இன்னொரு கண்ணி நேரம். விலை சர்வரிலிருந்து வந்து சேர்வதற்குள் கேட்டாலும் 'அன்டிஃபைன்ட்'தான். 'அவெய்ட்' போட்டுக் காத்திருக்க வேண்டும். பட்டன் கிளிக்குக்கு மெத்தடை அப்படியே கொடுத்தாலோ, 'திஸ்' அந்தப் பட்டனைக் குறிக்கும். ஆரோ ஃபங்ஷனுக்குள் வைத்து அழைத்தால் சரியாகிவிடும்.

பிரெண்டன் ஐக் 1995இல் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி இது. கிளாஸும் இம்போர்ட்டும் 2015இல்தான் மொழிக்குள் வந்தன. அதற்கு முன் எல்லாவற்றையும் பிரவுசரின் பொது ஆப்ஜெக்டான 'விண்டோ'வில் தொங்கவிடுவது வழக்கம். இன்றும் சிலர் அதையே சொல்லித்தருகிறார்கள். வேலை நடக்கும்; ஆனால் எந்த ஃபைல் விலையை மாற்றியது என்று தேடும் நாளில் தலை சுற்றும். இம்போர்ட் செய்த வேரியபிளுக்கு நேரடியாகப் புது மதிப்பு கொடுக்க முடியாது, பிழை வரும். ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் விலைக்கு அந்தக் காவல் இல்லை. அதை மாற்றுவதற்கென்று ஒரு மெத்தட் எழுதி, அதன் வழியாகவே மாற்றுங்கள்.

ஸ்கிரிப்ட் டேக்கில் 'டைப்' என்பதற்கு 'மாட்யூல்' என்று கொடுக்க மறக்க வேண்டாம். ஃபைலை டபுள் கிளிக் செய்து திறந்தால் பிரவுசர் இம்போர்ட்டைத் தடுத்துவிடும்; லோக்கல் சர்வர் வழியாகத் திறங்கள்.