கோர்ட்டுக்கு வெளியே, சட்டத்துக்கு உள்ளே

நீதிமன்றத்துக்குப் போகாமல் பேசி முடிப்பது என்றதுமே பலருக்குக் கட்டப்பஞ்சாயத்துதான் நினைவுக்கு வருகிறது. வலுத்தவன் சொல்வதற்கு இளைத்தவன் தலையாட்டுவதுதானே சமரசம் என்ற சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால், படப்பையில் அறை எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் போகிறவர்கள் ‘12(3) ஒப்பந்தம்’ என்று சொல்வது வேறு விஷயம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறுகள் சட்டம், 1947-இன்படி, தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் போடப்பட்டுவந்தது அது. சங்கத்தில் சேராத தொழிலாளியையும் அது கட்டுப்படுத்தும். அலுவலர் இல்லாமல் இரு தரப்பும் தாமாகப் போட்டுக்கொள்ளும் 18(1) ஒப்பந்தம், அதில் சேர்ந்த தரப்பினரோடு நின்றுவிடும். எதுவானாலும் மீறினால் குற்றம். சமரசம் நிலைப்பது நல்லெண்ணத்தால் அல்ல, பின்னால் சட்டம் நிற்பதால்தான் என்பதற்கு இந்தப் பகுதியே சாட்சி.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சம்பள உயர்வோடு, சிஐடியு சார்ந்த தங்கள் சங்கத்துக்குப் பதிவும் அங்கீகாரமும் கேட்டார்கள். பேரணி போனவர்களைப் போலீஸ் கைது செய்தது. போராட்டப் பந்தலும் பிரிக்கப்பட்டது. போராட்டத்துக்குத் தடை கேட்டு நிர்வாகம் காஞ்சிபுரம் நீதிமன்றத்தை நாடியது. அக்டோபர் 7 அன்று, ஆலையின் தொழிலாளர் குழுவோடு ஓர் ஒப்பந்தமே கையெழுத்தானது. மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உட்படப் பல சலுகைகள் அதில் இருந்தன. அமைச்சர்கள் முன்வந்து அறிவித்தும் வேலைநிறுத்தம் நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் வேறு, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் வேறு, நிற்காததில் வியப்பென்ன? 37-ஆம் நாளான அக்டோபர் 15 அன்று, சமரச அலுவலர் முன்னிலையில் போராடியவர்களோடு நடந்த பேச்சில்தான் முடிவு வந்தது. வேலைக்குத் திரும்புகிறவர்களைப் பழிவாங்கக் கூடாது, கோரிக்கைகளுக்கு நிர்வாகம் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும் என்பவை அதன் சாரம். ஊக்கத்தொகை முடிக்காததை இந்த இரண்டு வரிகள் முடித்தன.

சட்டம் ஒழுங்கு கெட்டால் போலீஸ் வராமல் இருக்க முடியுமா என்று கேட்பார்கள். யாரையாவது அடித்தால், இயந்திரத்தை உடைத்தால் அது குற்றம், போலீஸ் வரட்டும். கூலி கேட்டு வேலையை நிறுத்துவது அந்த வகையில் சேராது. இந்த வேறுபாடு சட்டப் புத்தகத்தில் ஏறக் காரணமாக இருந்ததே சென்னைதான். 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி.வாடியா மீது, பி அண்ட் சி மில்லை நடத்திய பின்னி நிறுவனம் நஷ்டஈடு வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் தடையும் வாங்கியது. அந்த அதிர்ச்சி 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது. பதிவு பெற்ற சங்கத்தின் நியாயமான செயல்பாட்டைக் குற்றச்சதி என்று இழுக்க முடியாதபடி அந்தச் சட்டம் காப்பு தந்தது. பதிவு வெறும் காகிதமல்ல என்பது இப்போது புரியும்.

அப்படியானால் நேராக நீதிமன்றத்துக்கே போயிருக்கலாமே? சங்கப் பதிவுப் பிரச்சினை அங்கேதான் போனது, போக வேண்டியதும்தான். ஒரு சங்கம் பதிவுக்குத் தகுதியானதா என்பதற்கு ஆம், இல்லை என்று தீர்ப்புச் சொல்லலாம். உயர் நீதிமன்றம் காலக்கெடு வைக்க, 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவானது. சம்பளம் எவ்வளவு உயர வேண்டும் என்பது அப்படிப்பட்ட கேள்வியல்ல. ஆலையின் கணக்கும் வீட்டு வாடகையும் மேசைக்கு வந்து பேரம் நடந்தாக வேண்டும். அந்தப் பேரம் அதே ஆண்டு மே மாதம், மூன்று ஆண்டுகளில் 18,000 ரூபாய் உயர்வு என்று முடிந்தது. இடையில் சங்க நிர்வாகிகளின் பணியிடைநீக்கத்தை எதிர்த்து மறுபடியும் உள்ளிருப்புப் போராட்டம் நடந்ததையும் மறைப்பதற்கில்லை. ஒரு கையெழுத்தால் உறவு சீராகிவிடுவதில்லை. அடுத்த தகராறைக் கொண்டுபோக ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இந்த வட்டாரத்தில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள், பயிற்சியாளர்கள். கான்ட்ராக்டர் பெயரில் சம்பளம் வாங்குகிறவருக்கு, நிரந்தரத் தொழிலாளர்கள் போடும் ஒப்பந்தத்தில் எதுவும் கிடைக்காமல் போகலாம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமலும் சமரசப் பேச்சு நடக்கும்போதும் எந்த ஆலையிலும் வேலைநிறுத்தம் கூடாது என்கிறது. போராடும் வழி குறுகக் குறுக, சமரச மேசையில் இடம் இல்லாதவர் இன்னும் தனித்துப் போகிறார். அவருக்கு முழு மருந்து சட்டத்தில் இல்லை. வேலையைவிட்டு நீக்கப்பட்ட தொழிலாளி, சங்கம் இல்லாமலே தனி ஆளாகத் தகராறு எழுப்பலாம்; சமரசம் பலிக்காவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, தொழில்துறைத் தொழிலாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். ஆனால் புதிய சட்டத்தில் தீர்ப்பாயத்துக்குப் போகக் கெடு இரண்டே ஆண்டுகள். முன்பு அது மூன்றாக இருந்தது.