ஐந்து நிமிடம் நின்று பாருங்கள்: நீர்யானை

சிங்கப்பெருமாள் கோயிலில் மின்சார ரயில் ஏறி வண்டலூரில் இறங்கினால் நீர்யானையைப் பார்த்துவிடலாம். 1855-இல் சென்னையில் தொடங்கிய உயிரியல் பூங்கா, 1985-இல் வண்டலூர்க் காட்டுக்கு மாறி அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விரிந்தது. ஆனால் நீர்யானைக் குளத்துக்கு வருகிற பலர், "வெறும் தண்ணிதான் தெரியுது" என்று நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தண்ணீர் மட்டத்தை உற்றுப் பாருங்கள். காது, கண், மூக்கு மூன்றும் மண்டையின் மேற்புறத்தில் வரிசையாக இருக்கும். மற்ற உடம்பு முழுவதையும் நீருக்குள் மறைத்துக்கொண்டே அது பார்க்கும், கேட்கும், மூச்சுவிடும். மூழ்கும்போது மூக்கும் காதும் தாமாக மூடிக்கொள்ளும். ஏறக்குறைய ஐந்து நிமிடம் மூச்சடக்கும். தூக்கத்தில்கூட, விழிக்காமலே மேலே வந்து மூச்சிழுத்துவிட்டு மறுபடி அமிழும். இத்தனைக்கும் அதற்கு நீச்சல் வராது. கனத்த எலும்பு, அடித்தரையில் காலூன்றி நடக்கும், உந்தித் தாவும். குட்டி தண்ணீருக்கடியிலேயே பால் குடிக்கும்.

பகல் முழுக்க ஏன் இந்த நீர்வாசம்? தோல்தான் காரணம். பார்வைக்கு முரட்டுத் தோல். ஆனால் ரோமம் இல்லாத அந்தத் தோல் வெயிலில் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும். அதைக் காக்க ஒரு திரவம் சுரக்கிறது. முதலில் நிறமில்லாமல் இருந்து, சில நிமிடங்களில் சிவந்து, பிறகு பழுப்பாகும். நீர்யானைக்கு ரத்தம் வியர்க்கிறது என்றே முன்பு நம்பினார்கள். அந்தச் சிவப்பு நிறமி புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது, கிருமிகளையும் வளரவிடாமல் அடக்குகிறது என்று 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சண்டையில் கிழிந்த தோலோடு சேற்று நீரில் கிடக்கும் விலங்குக்கு இதைவிட நல்ல மருந்து ஏது?

இருட்டியதும் ஆப்பிரிக்க ஆறுகளிலிருந்து கரையேறிப் புல்வெளியில் மேயப் போகும். அகன்ற உதட்டால் கவ்வி, ஓர் இரவில் சுமார் 40 கிலோ புல் தின்னும். அரை மீட்டர் வரை வளரும் கோரைப்பற்களுக்குச் சாப்பாட்டில் வேலையே இல்லை, அவை சண்டைக்கு. வாயை அகலப் பிளப்பது பல நேரம் கொட்டாவி அல்ல, "கிட்டே வராதே" என்ற எச்சரிக்கை. ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள இந்த உடம்பு, நிலத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

நாம் அதை யானை என்கிறோம், கிரேக்கர்கள் ஆற்றுக்குதிரை என்றார்கள். இரண்டுமே அதற்கு நெருங்கிய உறவில்லை. நீர்யானைக் குடும்பத்துக்கு வெளியே, இன்று உயிரோடிருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் திமிங்கிலமும் ஓங்கிலும். மாமல்லபுரத்துக்கு எதிரே விரியும் கடலில் அந்தச் சொந்தங்கள் உண்டு. இன்னொன்று: நீர்யானை இனங்கள் ஒருகாலத்தில் நம் மண்ணிலும் வாழ்ந்தன. நர்மதைப் பள்ளத்தாக்கிலும் இலங்கையின் இரத்தினபுரியிலும் அவற்றின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன.

வண்டலூருக்குப் போகும்போது (செவ்வாய்க்கிழமை விடுமுறை) அந்தக் குளத்தருகே ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். மூச்சுக்கு அது மேலே வந்தே தீரும். வாய் திறந்திருக்கிறதே என்று பிஸ்கட்டோ பிளாஸ்டிக் பையோ எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.