சிங்கம் இல்லை, புலி இல்லை... அப்புறம் சர்க்கஸில் என்னதான் இருக்கு?

கோவை வ.உ.சி. மைதானத்தில் சர்க்கஸ் கூடாரம் எழும்பினால், டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு கேள்வி மட்டும் தவறாமல் வந்துவிடும். “ஏனுங்க, சிங்கம் புலியெல்லாம் இருக்குதுங்களா?”

“இல்லீங்க” என்று பதில் வந்ததும் கேட்டவர் ஒரு நொடி யோசிப்பார். கூட வந்த குழந்தைக்கு அந்த யோசனையெல்லாம் கிடையாது. அது ஏற்கெனவே உள்ளே போகத் தயார்.

இன்று 25 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இந்திய சர்க்கஸில் சிங்கத்தைப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. அவர்களுக்கு சர்க்கஸ் என்றால் பார் விளையாட்டு, மரணக் கூண்டு பைக், கோமாளி, மிருக வேடம் போட்ட மனிதர்கள். பெரியவர்களோ இன்னும் சிங்கத்தைத் தேடுகிறார்கள். விலங்குகள் ஏன் போயின? அதற்குப் பிறகு சர்க்கஸ் எதை நம்பி ஓடுகிறது? இனி அது பிழைக்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சர்க்கஸ் எங்கிருந்து வந்தது?

நவீன சர்க்கஸின் கதை 1768-ல் லண்டனில் தொடங்குகிறது. பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர், வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நின்று சாகசம் காட்டினார். வட்டத்தில் ஓடும்போது குதிரை உள்பக்கமாகச் சாயும். அந்தச் சாய்வில் மேலே நிற்பவருக்கு சமநிலை கிடைக்கும். பல அளவுகளைப் பார்த்துவிட்டு அவர் கடைசியில் வந்து நின்றது 42 அடி விட்டத்தில். இன்றைக்கும் சர்க்கஸ் வளையத்தின் நிலையான அளவு அதுதான். குதிரை போய்விட்டது, வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தியாவில் முதல் அடி வைத்தவர் விஷ்ணுபந்த் சத்ரே. பம்பாய்க்கு வந்த இத்தாலிய சர்க்கஸ் குழுவைப் பார்த்த பிறகு, 1880-ல் ‘தி கிரேட் இந்தியன் சர்க்கஸ்’ குழுவின் முதல் காட்சியை அதே நகரில் நடத்தினார். அடுத்த பெரிய பெயர் கீலேரி குஞ்ஞிக்கண்ணன். கேரளத்தின் தலச்சேரியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். 1901-ல் அவர் அங்கு தொடங்கிய பயிற்சிப் பள்ளியிலிருந்துதான் பல தலைமுறை சர்க்கஸ் கலைஞர்களும் முதலாளிகளும் வந்தார்கள். பிறகு 1951-ல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கிய ‘ஜெமினி’ சங்கரனும் கண்ணூர்ப் பக்கத்து ஆள்தான். பாலக்காடு கணவாயைத் தாண்டினால் கேரளம் என்பதால், இந்த சர்க்கஸ் உலகம் கோவைக்கு எப்போதும் பக்கத்து வீடு மாதிரி.

ஆனால் கயிற்றின் மேல் நடப்பதை நமக்கு லண்டன் கற்றுக்கொடுக்கவில்லை. குறுந்தொகையின் ஏழாவது பாடலிலேயே, காற்றில் சலசலக்கும் வாகை நெற்றின் ஓசைக்கு உவமையாக வருவது கயிற்றில் ஆடும் கூத்தருக்காக அடிக்கப்படும் பறையின் ஒலி. கழைக்கூத்தாடிகளின் வரலாறு அவ்வளவு பழையது.

சினிமாவும் தன் பங்குக்கு சர்க்கஸைத் தமிழர்கள் மனதில் உட்காரவைத்தது. எஸ்.எஸ்.வாசனின் ‘சந்திரலேகா’ (1948) படத்தில் சர்க்கஸ் காட்சிகள் முக்கியமான பகுதி. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) அப்புவை யாரும் மறக்க முடியாது.

சிங்கம் ஏன் போனது?

1998-ல் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்காகப் பழக்கவும், காட்சிகளில் பயன்படுத்தவும் தடை. சர்க்கஸ் உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். இது எங்கள் தொழில் செய்யும் உரிமையைப் பறிக்கிறது என்பது அவர்கள் வாதம்.

2000-ல் கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விலங்குகளுக்கும் கண்ணியமான வாழ்வு உண்டு என்ற கோணத்தில் பேசிய தீர்ப்பு அது. 2001-ல் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதி செய்தது. பின்னர் யானைகளும் படிப்படியாகக் கூடாரங்களை விட்டு வெளியேறின.

இது சர்க்கஸோடு மட்டும் நிற்கவில்லை. வ.உ.சி. மைதானத்தை ஒட்டிய வ.உ.சி. உயிரியல் பூங்காவின் அங்கீகாரத்தையே மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2022-ல் ரத்து செய்தது. போதிய இடம் இல்லை என்பது முக்கியக் காரணம். ஒரு தலைமுறைக்கு முன் ‘குழந்தைகளுக்குக் காட்டணும்’ என்று கூட்டிப்போன இரண்டு இடங்களிலும் கேள்வி மாறிவிட்டது. பார்ப்பவருக்கு சந்தோஷம் சரி, கூண்டுக்குள் இருப்பதற்கு என்ன?

இன்னொரு தடை: குழந்தைகள்

விலங்குத் தடை எல்லோருக்கும் தெரியும். சர்க்கஸை அதே அளவுக்கு மாற்றிய இன்னொரு உத்தரவு பற்றிப் பலருக்குத் தெரியாது.

பழைய சர்க்கஸ் முறையில் கலைஞர்கள் சின்ன வயதிலேயே கூடாரத்துக்கு வந்துவிடுவார்கள். உடல் வளையும் வயதில் பயிற்சி தொடங்கினால்தான் வித்தை வரும் என்பது காரணம். நடைமுறையில், நேபாளத்திலும் இந்தியாவின் ஏழை மாவட்டங்களிலும் இருந்து குழந்தைகள் ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவரப்பட்டார்கள். பள்ளிக்கூடம் கிடையாது, வீடு திரும்பவும் முடியாது. இதை எதிர்த்து கைலாஷ் சத்யார்த்தியின் ‘பச்பன் பச்சாவ் ஆந்தோலன்’ அமைப்பு வழக்கு தொடர்ந்தது. 2011 ஏப்ரலில், சர்க்கஸில் குழந்தைகளைப் பணியமர்த்தத் தடை விதிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

இரண்டு தடைகளும் சரியானவை. ஆனால் இரண்டாவதோடு ஒரு கேள்வியும் வந்தது. இனி 18 வயதில்தான் ஒருவர் கூடாரத்துக்குள் வரமுடியும் என்றால், அதுவரை அவர் எங்கே பயிற்சி எடுப்பார்?

வெளிநாடுகளில் இதற்கு விடை உண்டு. கனடாவின் மான்ட்ரியலில் 1981 முதல் தேசிய சர்க்கஸ் பள்ளி இயங்குகிறது. ரஷ்யாவிலும் சீனாவிலும் அரசு ஆதரவுப் பள்ளிகள் இருக்கின்றன. இங்கே கேரள அரசு 2010-ல் தலச்சேரியில் ஒரு சர்க்கஸ் அகாடமி தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது.

‘கதை சொல்லும் சர்க்கஸ்’ என்றால் என்ன?

விலங்கு இல்லாத சர்க்கஸை ஒரு பெரிய பிசினஸாகவே மாற்றிக்காட்டியது கனடாவின் ‘சர்க் டு சொலே’. 1984-ல் கியூபெக் மாகாணத்தில், தெருவில் வித்தை காட்டிக்கொண்டிருந்த கலைஞர்கள் தொடங்கிய குழு இது.

பழைய சர்க்கஸ் ஐட்டம் ஐட்டமாக ஓடும். ரிங் மாஸ்டர் அறிவிப்பார், ஒரு குழு வரும், வித்தை காட்டும், போகும். சர்க் டு சொலே அதை ஒரு நாடகமாகக் கோத்தது. வினோத உடை, முகப்பூச்சு, நேரடி இசை, எந்த ஊரிலும் இல்லாத கற்பனைக் கதாபாத்திரங்கள். கயிற்றில் தொங்குபவர் வெறும் வித்தைக்காரர் இல்லை. பறவையாகவோ, கனவாகவோ, யாருடைய நினைவாகவோ வருவார்.

2018 நவம்பரில் அவர்கள் ‘பஸார்’ என்ற புதிய ஷோவை உலகிலேயே முதலில் மேடையேற்றியது மும்பையில். அதில் இடம்பெற்ற வித்தைகளில் ஒன்று நம்ம ஊர் மல்லர் கம்பம். தமிழ்நாட்டில் விழுப்புரத்துப் பிள்ளைகள் கம்பத்தில் ஏறிப் பயிற்சி எடுக்கிறார்களே, அதே விளையாட்டுதான்.

இந்திய சர்க்கஸ்களும் இந்தப் பக்கம் மெல்ல நகர்கின்றன. இயந்திர யானை, கொரில்லா வேடம், எல்.இ.டி. உடை, லேசர் ஒளி எல்லாம் வந்துவிட்டன. ஆனால் அவை இன்னும் தனித்தனி ஐட்டங்களாகத்தான் இருக்கின்றன. கோக்கும் நூல் இல்லை.

அந்த நூலாக மாறக்கூடிய ஆள் ஏற்கெனவே கூடாரத்துக்குள் இருக்கிறார். அவர்தான் கோமாளி. பார் விளையாட்டுக்கு வலை கட்ட வேண்டும், கூண்டை உருட்டி வர வேண்டும். அந்த நிமிடங்களில் கூட்டத்தைப் பிடித்து வைத்திருப்பது அவர் வேலை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். காட்சிகளை இணைப்பார், ராஜாவையும் கிண்டல் செய்வார், கதையையும் நகர்த்துவார். கோமாளியை நேரம் கடத்துபவராகப் பார்க்காமல் கதைசொல்லியாகப் பார்த்தால், பாதி நாடகம் தயார்.

அந்தரத்தில் நடப்பது எப்படி?

முதலில் பார் விளையாட்டு. பிரெஞ்சுக்காரரான ஜூல் லியோடார் 1859-ல் பாரிஸில் காட்டிய வித்தை இது. ஊஞ்சல் ஒருமுறை போய்த் திரும்பும் நேரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கயிற்றின் நீளம்தான், ஆடுபவரின் எடை அல்ல. 4.5 மீட்டர் கயிறு என்றால் சுமார் 4.3 விநாடி. அதனால்தான் ஒருவர் தாவுவதும் எதிரே தலைகீழாகத் தொங்குபவர் பிடிப்பதும் தாளக்கட்டு போல அமைகிறது. அந்தத் தாளம் அரை விநாடி தப்பினால் கைக்குக் கை எட்டாது. தவறினால் வலை இருக்கிறதே என்று தோன்றும். வலையில் முதுகு படும்படி விழுவதும் தனியாகப் பழக வேண்டிய வித்தைதான்.

அடுத்து மரணக் கூண்டு. 16 அடி விட்டமுள்ள இரும்புக் கோளம் என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் தலைகீழாகப் போகும்போது பைக் விழாமல் இருக்கத் தேவைப்படும் வேகம், கணக்குப்படி மணிக்கு சுமார் 17 கி.மீ. அட, சைக்கிளே அந்த வேகத்தில் போகுமே என்கிறீர்களா? உண்மையான ஆபத்து விழுவதில் இல்லை. ஒரே கோளத்துக்குள் மூன்று, நான்கு பைக் சுற்றும்போது ஒருவர் பாதையில் இன்னொருவர் குறுக்கிடாமல் இருப்பதில்தான் இருக்கிறது.

மனித உடலே ஒரு ஷோ என்பது கோவைக்குப் புதிதும் இல்லை. ஜெர்மானியப் பலசாலி யூஜின் சாண்டோ 1904-05-ல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த பிறகு, ‘சாண்டோ’ என்பது இங்கே பட்டப்பெயராகவே ஆனது. கோவை ராமநாதபுரத்திலிருந்து போய்த் தமிழ் சினிமாவில் பெரிய தயாரிப்பாளரான சாண்டோ சின்னப்பா தேவரின் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பட்டம்தான்.

கூடாரத்தின் வரவு செலவு

ஒரு சர்க்கஸ் ஊருக்குள் வர மாநகராட்சி, போலீஸ், தீயணைப்புத் துறை, மின்வாரியம் என்று பல அனுமதிகள் வேண்டும். மைதான வாடகை, லாரி வாடகை, டீசல், அத்தனை பேருக்கும் மூன்று வேளை சாப்பாடு. காட்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது. நான்கு நாள் தொடர் மழை போதும், ஒரு முகாமின் லாபம் காலி.

கொங்குப் பகுதியில் வருமானம் பெரும்பாலும் வார இறுதியில்தான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே கிளம்புவார்கள். பள்ளி விடுமுறையும் சேர்ந்தால் கூடாரம் நிறையும்.

வரியில் ஒரு சுவாரசியம் உண்டு. 500 ரூபாய் வரையிலான சர்க்கஸ் டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சினிமாவுக்கு 100 ரூபாய் வரையே 5 சதவீதம் உண்டு. ஜி.எஸ்.டி. விலக்குப் பட்டியலில் சர்க்கஸ் இருப்பது நடனம், நாடகத்தோடு ஒரே வரிசையில். அதாவது, வரி போடும்போது அரசு சர்க்கஸைக் கலை என்று ஒப்புக்கொள்கிறது. பயிற்சிப் பள்ளி என்று வரும்போதுதான் அந்த நினைப்பு வருவதில்லை.

2020 காட்டிய உண்மை

கொரோனா ஊரடங்கு வந்தபோது, நூறாண்டு பழமையான கிரேட் பாம்பே சர்க்கஸ் திருவாரூர் மாவட்டம் மன்னார்குடியில் சிக்கிக்கொண்டது. காட்சி இல்லை, வருமானம் இல்லை, ஊருக்குப் போக வழியும் இல்லை. அதே ஆண்டு ஜூனில் உலகின் மிகப் பெரிய குழுவான சர்க் டு சொலேவும் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது. சுமார் 3,500 பேர் வேலை இழந்தார்கள்.

பெரிய கூடாரமும் சின்னக் கூடாரமும் ஒன்றாகத்தான் விழுந்தன. எழுந்ததில்தான் வித்தியாசம். அங்கே கடன் கொடுத்தவர்களே நிறுவனத்தை வாங்கி, 2021-ல் மறுபடி மேடையேற்றினார்கள். இங்கே உள்ளூர் மக்கள் கொடுத்த அரிசி பருப்புதான் பல கூடாரங்களைத் தாங்கியது. கேரளத்தில் ஓய்வு பெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்காவது அரசு ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது.

அடுத்து என்ன?

முதல் தேவை, குழந்தைகளைக் கூடாரத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாகப் பயிற்சியைப் பள்ளிக்குக் கொண்டுவருவது. ஜிம்னாஸ்டிக்ஸ், மல்லர் கம்பம், சிலம்பம் எல்லாம் ஏற்கெனவே பள்ளி மாணவர்கள் விளையாடுபவைதான். படிப்பை விடாமல் பத்து வருடம் பயிற்சி எடுத்த ஒருவர், 18 வயதில் தானாக விரும்பி சர்க்கஸுக்கு வந்தால் அது கொத்தடிமை வேலை இல்லை, தொழில் தேர்வு. சர்க் டு சொலேவுக்கு முன்னாள் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள் போவது இப்படித்தான்.

இரண்டாவது தேவை கதை. அதற்குக் கனடா வரை போக வேண்டாம். கொங்கில் உடுக்கடித்துச் சொல்லும் அண்ணன்மார் கதையில் கொம்பன் என்ற ராட்சதப் பன்றி இருக்கிறது, போர் இருக்கிறது, மாண்ட அண்ணன்களை எழுப்பும் தங்கை இருக்கிறாள். பொன்னரும் சங்கரும் அந்தரத்தில் தாவிச் சண்டையிட்டால் யாரும் சிங்கத்தைக் கேட்கப் போவதில்லை.

அதுவரைக்கும் அடுத்த முறை மைதானத்தில் கூடாரம் தெரிந்தால், டிக்கெட் கவுன்ட்டரில் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். “இன்னைக்கு பார் விளையாட்டுல யாருங்க தாவுறாங்க?” சினிமா டிக்கெட் எடுக்கும்போது ஹீரோ யார் என்று கேட்கிறோமே, அதே மரியாதைதான்.